எதிராளியைப் படிப்பது எப்படி? குத்துச்சண்டை கற்றுத்தரும் பாடம்

கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் 1975 ஜூலை 1ஆம் தேதி முகம்மது அலி சண்டையிட்டதை மூத்த தலைமுறையினர் பலர் இன்றும் நினைவுகூர்வதுண்டு. அன்று அவரை எதிர்த்து நின்றவர் ஜோ பக்னர். ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் வளர்ந்தவர். வயது 25. நல்ல உயரம், கட்டான உடல், நேரான ஜாப் என்று எதிலும் குறை சொல்ல முடியாத வீரர்.

பக்னருக்கு அலி புதியவரும் அல்லர். 1973இல் லாஸ் வேகாசில் இருவரும் 12 சுற்றுகள் மோதியிருந்தனர். அலி எப்படி நகர்வார், எங்கிருந்து குத்துவார் என்பது பக்னருக்குத் தெரியும். தெரிந்ததை வைத்து அவர் கோலாலம்பூரில் கைகளை உயர்த்தி இறுக்கமான தற்காப்பில் நின்றார். கடும் வெப்பத்தில் 15 சுற்றுகளையும் தாக்குப்பிடித்தார். ஆனால் மூன்று நடுவர்களும் அலிக்கே வெற்றியை அளித்தனர்.

அடிபடாமல் நிற்பதற்கான ஏற்பாடு பக்னரிடம் இருந்தது. வெல்வதற்கான ஏற்பாடு இல்லை என்று விமர்சகர்கள் எழுதினர். எதிராளிக்குத் தயாராவது என்றால் என்ன என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. ஒருவரைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது ஒன்று. அந்த அறிவைக் கொண்டு புள்ளி எடுப்பது வேறொன்று.

தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் குத்துச்சண்டை பழகும் பிள்ளைகள் பலர் உடலை வளர்ப்பதில் காட்டும் ஆர்வத்தை இந்த இரண்டாவது வேலையில் காட்டுவதில்லை. காலையில் ஓட்டம், மாலையில் மணல் மூட்டை, வார இறுதியில் ஸ்பாரிங் எனப்படும் பயிற்சிச் சண்டை என்று நாள் கழிகிறது. எதிரே வரப்போகிறவர் யார், அவரை என்ன செய்வது என்ற யோசனை போட்டி நாளன்றுதான் வருகிறது.

ஒரு சின்னப் பழக்கம் கொடுத்த பெரிய தோல்வி

எதிராளியைப் படிப்பதற்கு உலகக் குத்துச்சண்டை வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது மேக்ஸ் ஷ்மெலிங், ஜோ லூயிஸ் மோதல்.

1935 டிசம்பரில் நியூயார்க்கில் ஸ்பெயின் நாட்டு வீரர் பவுலினோ உஸ்குடுனை ஜோ லூயிஸ் நான்காவது சுற்றிலேயே வீழ்த்தினார். அந்தச் சண்டையை ரிங்கின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களில் ஜெர்மானியரான ஷ்மெலிங்கும் ஒருவர். கூட்டம் லூயிஸின் வலது கையின் வேகத்தைப் பார்த்து மலைத்தது. ஷ்மெலிங்கோ லூயிஸின் இடது கையைப் பார்த்தார்.

லூயிஸ் இடது கையால் ஜாப் அடித்தபின், அந்தக் கையைக் கன்னத்துக்கு நேராகத் திரும்பக் கொண்டுவராமல் சற்றுத் தாழ்வாக இறக்கினார். ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய இடது தாடை திறந்து கிடந்தது. ஷ்மெலிங்கின் பலமே வலது கை நேர்க்குத்து. லூயிஸின் சண்டைப் படங்களை ஊருக்குக் கொண்டுபோய்த் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். பழக்கம் உண்மைதான் என்று உறுதியானது. ஒன்றைக் கண்டுவிட்டதாக மட்டும் செய்தியாளர்களிடம் சொன்னார், என்னவென்று சொல்லவில்லை.

1936 ஜூன் 19ஆம் தேதி யாங்கி அரங்கில் இருவரும் மோதினர். லூயிஸுக்கு 22 வயது. அதுவரை தொழில்முறைப் போட்டிகளில் தோல்வியே காணாதவர். ஷ்மெலிங்குக்கு 30 வயது. உலகப் பட்டத்தை வென்று இழந்தவர், காலம் முடிந்துபோனவர் என்று கருதப்பட்டவர். லூயிஸ் அந்த முறை பயிற்சி முகாமில் கோல்ஃப் விளையாட்டில் மனத்தைச் செலுத்தினார் என்பதும் பலரும் பதிவு செய்த செய்தி.

நான்காவது சுற்றில் லூயிஸ் கீழே விழுந்தார். ஜாப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஷ்மெலிங்கின் வலது கை அதே இடத்தைத் தேடி வந்தது. 12ஆவது சுற்றில் லூயிஸ் எழ முடியாமல் தோற்றார்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஷ்மெலிங் லூயிஸிடம் பத்துக் குறைகளைத் தேடவில்லை. ஒரே ஒரு பழக்கத்தைக் கண்டார். அதற்குப் பதிலாகத் தம்மிடம் ஏற்கெனவே இருந்த சிறந்த குத்தைப் பொருத்தினார். புதிதாக ஒரு குத்தைக் கற்றுக்கொள்ள அவர் முயலவில்லை.

தோற்றவர் என்ன செய்தார்?

கதை அங்கே முடியவில்லை. லூயிஸும் அவருடைய பயிற்றுநர் ஜேக் பிளாக்பர்னும் அந்தத் தோல்வியைப் பாடமாக எடுத்துக்கொண்டனர். எதிராளியைப் படிக்கும் முன் தம்மைத் தாமே படித்தனர். ஜாப் அடித்த கை நேர்க்கோட்டில் திரும்பி வரும்படி பழக்கத்தை மாற்றினர்.

1937இல் ஜேம்ஸ் பிராடாக்கை வீழ்த்தி லூயிஸ் உலக வெற்றியாளர் ஆனார். 1938 ஜூன் 22ஆம் தேதி அதே யாங்கி அரங்கில், சுமார் 70,000 பேர் முன்னிலையில் ஷ்மெலிங்கை மறுபடி சந்தித்தார். இம்முறை திட்டம் வேறு. ஷ்மெலிங்கின் வலது கை வேலை செய்ய அவருக்கு இரண்டு வேண்டும்: தூரம், நேரம். தூரத்தில் நின்று, எதிராளி ஜாப் அடிக்கக் காத்திருந்து, அதன்பின் அடிப்பவர் அவர். எனவே முதல் மணி அடித்ததும் லூயிஸ் நெருக்கிச் சென்றார். காத்திருக்கும் வாய்ப்பையே கொடுக்கவில்லை. உடம்பிலும் தாடையிலுமாகக் குத்துகள் விழுந்தன. ஷ்மெலிங் மூன்று முறை தரையில் விழுந்தார். 2 நிமிடம் 4 நொடியில் சண்டை முடிந்தது.

மனிதர் இருவரும் அவர்களேதான். இரண்டு ஆண்டு இடைவெளியில் முடிவு தலைகீழானது. மற்றக் காரணங்களும் உண்டு. வயதும் மனநிலையும் அவற்றில் சேரும். ஆனால் ஓட்டையை அடைத்ததும், எதிராளியின் பலம் எதை நம்பி நிற்கிறதோ அதைப் பறித்ததும் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். பின்னாளில் இருவரும் நல்ல நண்பர்கள் ஆனார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

எதைப் பார்க்க வேண்டும்?

இன்று எதிராளியின் சண்டையைப் பார்க்க யாரும் கப்பலேறிப் படச்சுருள் கொண்டுவர வேண்டியதில்லை. ஒரு வட்டாரப் போட்டி நடந்தாலும் யாரோ ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்துவிடுகிறார். வசதி பெருகிவிட்டது, பார்க்கும் முறைதான் பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலோர் ரசிகரைப் போல் பார்க்கின்றனர். குத்து விழும்போது கண் குத்தின் மேல் இருக்கிறது. பயிற்றுநரோ குத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று பார்ப்பார்.

முதலில் கால்களைப் பார்க்க வேண்டும். எதிராளி வலக்கைக்காரரா, இடக்கைக்காரரா என்பதை முன்னால் நிற்கும் காலே சொல்லிவிடும். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார், நெருக்கும்போது நேராகப் பின்வாங்குகிறாரா, பக்கவாட்டில் விலகுகிறாரா என்பதும் காலில்தான் தெரியும். நேராகப் பின்வாங்குகிறவர் சீக்கிரமே கயிற்றில் முட்டுவார்.

இரண்டாவது, குத்தியபின் கை எங்கே போகிறது என்பது. லூயிஸிடம் ஷ்மெலிங் கண்டது இதைத்தான். ஜாப் தாழ்ந்து திரும்புகிறதா? வலது கையை வீசியபின் உடல் முன்னால் சாய்ந்துவிடுகிறதா? ஹூக் அடிக்கும்போது மறு கை கன்னத்தை விட்டு விலகுகிறதா?

மூன்றாவது, அடிபட்டவுடன் என்ன செய்கிறார் என்பது. சிலர் உடனே திருப்பி அடிப்பார்கள். சிலர் கட்டிப்பிடிப்பார்கள். சிலர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு வயிற்றைத் திறந்துவிடுவார்கள். வலியில் மனிதர் யோசித்துச் செயல்படுவதில்லை; பழக்கமே வேலை செய்கிறது. அதனால் அந்த நேரத்தில் தெரிவது நம்பத்தக்க தகவல்.

நான்காவது, மூன்றாவது சுற்று. முதல் சுற்றில் எல்லாருமே அழகாகத்தான் ஆடுவார்கள். வாய் திறந்து மூச்சு வாங்குவது, கைகள் இடுப்புக்கு இறங்குவது, கால்கள் தட்டையாக நிற்பது எல்லாம் கடைசிச் சுற்றில்தான் வெளிவரும்.

ஒரே ஒரு சண்டையைப் பார்த்து முடிவுக்கு வருவது ஆபத்து. அன்று அந்த எதிராளிக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். அல்லது அன்றைய போட்டியாளருக்கு ஏற்ப மாற்றி ஆடியிருக்கலாம். இரண்டு மூன்று சண்டைகளில் திரும்பத் திரும்ப வருவதே பழக்கம். ஒருமுறை வந்தது தற்செயல்.

எந்த வகை வீரருக்கு எந்த வழி?

பார்த்ததை எழுதிக்கொண்டபின் எதிராளி எந்த வகை என்று தீர்மானிக்க வேண்டும். அதற்கேற்ற பொதுவான வழிகள் பல தலைமுறை அனுபவத்தில் உருவானவை.

உயரமானவர், தூரத்திலிருந்து ஜாப் அடிப்பவர் என்றால், அவருடைய தூரத்தில் நின்று ஜாப்புக்கு ஜாப் அடிப்பது வீண். தலையை அசைத்தபடி, தன் ஜாப்பின் பின்னாலேயே உள்ளே நுழைய வேண்டும். உள்ளே போனதும் முதலில் உடம்பைக் குத்த வேண்டும். உயரமானவரின் தலை நகரும்; விலா அவ்வளவு சீக்கிரம் நகராது.

விடாமல் நெருக்கிக்கொண்டு வருகிறவர் என்றால் நேராகப் பின்வாங்கக் கூடாது. ஓரிரு குத்து கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அவர் மறுபடி முகம் திருப்பி நிற்பதற்குள் அடுத்த குத்து போக வேண்டும். தலையைக் குனிந்து வருகிறவருக்கு அப்பர்கட் பொருந்தும்.

காத்திருந்து பதிலடி கொடுப்பவர் என்றால் அவருக்கு உண்மையான முதல் குத்தைக் கொடுக்கக் கூடாது. தோளை அசைத்து, காலைத் தட்டி, குத்துவது போலப் பாவனை காட்ட வேண்டும். அவர் பதிலடிக்குக் கையெடுத்ததும் உண்மையான குத்து போக வேண்டும்.

இடக்கைக்காரர் என்றால் பல பிள்ளைகள் குழம்பிப் போகிறார்கள். இருவரின் முன்காலும் ஒன்றோடொன்று இடறும். வலக்கைக்காரர் தம் இடது காலை எதிராளியின் வலது காலுக்கு வெளிப்புறமாக வைத்தால், தம் வலது நேர்க்குத்துக்கு வழி திறக்கும். எதிராளியின் இடது கைக்கு நேர்வழி குறையும். சொல்ல எளிது. இடக்கைக்காரர் ஒருவருடன் பல வாரம் பழகாமல் கால் அங்கே தானாகப் போகாது.

அதனால்தான் ஸ்பாரிங் துணையைத் தேர்ந்தெடுப்பது முக்கியமாகிறது. வரப்போகும் எதிராளி உயரமானவர் என்றால் உயரமான துணை. இடக்கைக்காரர் என்றால் இடக்கைத் துணை. எதிராளியின் பழக்கத்தைத் துணைவருக்குச் சொல்லிக் கொடுத்து அதேபோல் ஆடச் சொல்வதும் உண்டு. இந்த ஸ்பாரிங் யார் பெரியவர் என்று காட்டும் இடம் அன்று. தலைக்கவசம், வாய்க்காப்பு, கனமான கையுறை அணிந்து, சொன்ன பாடத்தைப் பழகும் வகுப்பு. போட்டிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே கடுமையான ஸ்பாரிங்கை நிறுத்திவிடுவது நல்ல பயிற்றுநர்களின் வழக்கம். கடைசி நாள்களில் வாங்கும் அடி எந்தப் பாடத்தையும் கற்றுத் தராது.

திட்டம் பலிக்காவிட்டால்?

1974 அக்டோபர் 30ஆம் தேதி விடியற்காலையில் ஜைர் நாட்டுத் தலைநகர் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை அலி சந்தித்தார். ஃபோர்மனுக்கு 25 வயது. 40 சண்டைகளில் 40 வெற்றி. அவற்றில் 37 நாக்கவுட். அலியைத் தோற்கடித்திருந்த ஜோ ஃபிரேசியரையும் கென் நார்டனையும் ஃபோர்மன் இரண்டே சுற்றுகளில் முடித்திருந்தார். அலிக்கு 32 வயது.

ஆடி ஓடிக் களைப்படையச் செய்யப் போவதாக அலி ஊரறியச் சொல்லி வந்தார். முதல் சுற்றில் ஓட்டத்தோடு வலது கை நேர்க்குத்தையும் ஜாப் இல்லாமலே முதல் குத்தாக வீசினார். தூரம் அதிகம் என்பதால் பொதுவாக யாரும் துணியாத குத்து அது. ஃபோர்மன் எதிர்பார்க்கவில்லை. ஆனால் விழவும் இல்லை. ரிங்கின் மூலைகளை அடைத்து நெருக்குவதில் ஃபோர்மன் தேர்ந்தவர். அவர் ஓரடி வைக்கும் இடத்தில் தாம் இரண்டடி வைக்க வேண்டியிருப்பதை அலி அந்த மூன்று நிமிடத்தில் புரிந்துகொண்டார்.

இரண்டாவது சுற்றில் அலி கயிற்றில் சாய்ந்தார். கைகளால் முகத்தையும் உடம்பையும் மூடிக்கொண்டு ஃபோர்மனைக் குத்தவிட்டார். அவருடைய பயிற்றுநர் ஆஞ்செலோ டண்டியே கயிற்றை விட்டு வெளியே வரும்படி கத்தினார். அலி வரவில்லை. ஃபோர்மனின் பெரும்பாலான சண்டைகள் சில சுற்றுகளிலேயே முடிந்தவை. நீண்ட சண்டையில் அவருடைய மூச்சு எப்படி இருக்கும் என்பது அதிகம் சோதிக்கப்படாத ஒன்று. எட்டாவது சுற்றில் களைத்துப்போன ஃபோர்மன் அலியின் குத்துகளில் சரிந்தார்.

இதைப் படித்துவிட்டுக் கயிற்றில் சாய்ந்து நிற்பதே தந்திரம் என்று எடுத்துக்கொள்வது தவறு. மூன்று சுற்றுப் போட்டியில் அப்படி நின்றால் நடுவர்கள் எதிராளிக்கே புள்ளி தருவார்கள். அது மட்டுமன்று, அப்படி வாங்கிய அடிகள் அலியின் பிற்கால உடல்நலத்தில் கணக்குத் தீர்த்தன என்று கருதுவோர் பலர். எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: முதல் திட்டம் பலிக்கவில்லை என்று முதல் சுற்றிலேயே ஒப்புக்கொள்ளும் நேர்மை, கையில் இருக்கும் இரண்டாவது வழி.

கோபம் யாருக்கு வேலை செய்யும்?

1980இல் நடந்த இரு சண்டைகள் மனத்தைப் பற்றிய பாடம். ஜூன் 20ஆம் தேதி மாண்ட்ரியலில் சுகர் ரே லெனர்டை ரோபர்ட்டோ டுரான் எதிர்த்தார். லெனர்டின் பலம் வேகமும் கால்நகர்வும். டுரானின் பலம் நெருங்கி நின்று மோதுவது. சண்டைக்கு முந்திய நாள்களில் டுரான் லெனர்டையும் அவர் குடும்பத்தாரையும் சீண்டி அவமதித்தார். கொதித்துப்போன லெனர்ட், ரிங்கில் நகராமல் நின்று மோதினார். அதாவது, டுரானின் சண்டையை ஆடினார். 15 சுற்று முடிவில் டுரான் வென்றார்.

நவம்பர் 25ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் மறுமோதல். இம்முறை லெனர்ட் தம் சண்டையை ஆடினார். நகர்ந்தார், சுற்றினார், குத்திவிட்டு விலகினார், கேலியும் செய்தார். எட்டாவது சுற்றில் டுரான் சண்டையைத் தொடர மறுத்துத் திரும்பிவிட்டார்.

உள்ளூர்ப் போட்டிகளிலும் இதே நடப்பதுண்டு. எடை பார்க்கும் இடத்தில் ஒரு முறைப்பு, சமூக ஊடகத்தில் ஒரு கிண்டல், சாதியையோ நிறத்தையோ தொட்டு ஒரு சொல். பையன் பல வாரம் பழகிய திட்டத்தை மறந்து, மணி அடித்ததும் பாய்கிறான். சீண்டியவர் விரும்பியது அதைத்தான். சீண்டலும் எதிராளியின் திட்டத்தில் ஒரு பகுதி என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது பயிற்றுநரின் கடமை.

எடை என்னும் முதல் எதிராளி

அதே டுரான் இரு சண்டைகளுக்கும் இடையில் கண்டபடி எடை கூடி, பிறகு அவசரமாகக் குறைத்தார் என்பதும் பேசப்பட்ட செய்தி. எடைப் பிரிவு உள்ள எல்லா விளையாட்டிலும் இந்தப் பிரச்சினை உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், இறுதிப் போட்டி நாளின் காலையில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

இங்குள்ள பிள்ளைகளில் சிலர் கடைசி இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல், வெயிலில் பிளாஸ்டிக் உடை அணிந்து ஓடி எடையைக் குறைக்கிறார்கள். இது ஆபத்தான வழி. உடலில் நீர் குறைந்தால் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை கூடுகிறது, கால் தளர்கிறது, வெப்பத் தாக்குதல் நேரலாம். நீர் வற்றிய உடலோடு தலையில் அடி வாங்குவது மேலும் ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

சரியான வழி மெதுவானது. போட்டிக்குப் பல வாரங்களுக்கு முன்பே எடையைக் கவனித்து, இனிப்பான தே தாரிக், எண்ணெய்ப் பலகாரம், இரவு நேர ரொட்டி சானாய் போன்றவற்றைக் குறைத்துக்கொண்டு வரலாம். அப்படியும் இறங்காவிட்டால் அந்தப் பிரிவு அந்தப் பிள்ளைக்கு உரியதன்று. வளரும் வயதில் அடுத்த எடைப் பிரிவுக்குப் போவது தோல்வி ஆகாது.

யார் என்றே தெரியாத எதிராளி

தொழில்முறை வீரருக்கு எதிராளியின் பெயர் பல வாரத்துக்கு முன்பே தெரியும். பள்ளி, மாநில, சுக்மா அளவிலான போட்டிகளில் அப்படி இல்லை. குலுக்கலில் பெயர் வரும். அடுத்த நாளே சண்டை. வென்றால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வேறொருவர். பெரும்பாலான அமெச்சூர் போட்டிகள் தலா மூன்று நிமிடம் கொண்ட மூன்று சுற்றுகள். மொத்தம் ஒன்பது நிமிடம். படிப்பதற்கு நேரம் மிகக் குறைவு.

இந்த இடத்தில் இரண்டு வழிகள் உதவும். ஒன்று, தன் சண்டை முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடாமல், அதே எடைப் பிரிவில் மற்றவர்கள் ஆடுவதைப் பயிற்றுநரோ அணித் தோழரோ பார்த்துக் குறித்து வைப்பது. அரையிறுதியில் யார் வருவார் என்பதற்கான பதில் அந்த அரங்கிலேயே இருக்கிறது.

மற்றொன்று, முதல் 30 நொடியில் எதிராளியிடம் கேள்வி கேட்பது. ஒரு ஜாப் அடித்தால் அவர் தடுக்கிறாரா, விலகுகிறாரா, திருப்பி அடிக்கிறாரா? குத்துவது போலப் பாவனை காட்டினால் கண் சிமிட்டுகிறாரா, கை எடுக்கிறாரா? இடப்பக்கம் நகர்ந்தால் பின்தொடர்கிறாரா? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதிலே அன்றைய பாடநூல். ஆனால் 10 புள்ளி முறையில் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியே மதிப்பிடப்படுகிறது. படிக்கிறேன் என்று ஒரு சுற்றையே விட்டுக்கொடுத்தால், மீதி இரண்டையும் வென்றாக வேண்டிய நிலை வரும். எனவே கேள்வியும் புள்ளி எடுக்கும் குத்தாகவே இருக்க வேண்டும்.

சுற்றுகளுக்கு இடையே கிடைப்பது ஒரு நிமிடம். அதில் மூச்சு வாங்கவும் தண்ணீருக்கும் போக மீதி சில நொடிகள்தான். அப்போது மூலையில் இருப்பவர் பத்து அறிவுரை சொன்னால் ஒன்றும் மனத்தில் நிற்காது. "ஜாப் அடிச்சதும் வலது பக்கம் விலகு" என்பது போல ஒரே ஒரு சொல், அதிகம் போனால் இரண்டு. பெற்றோரும் உறவினரும் வெளியிலிருந்து ஆளுக்கொன்றாகக் கத்துவது பிள்ளைக்கு உதவி செய்வதில்லை.

மூலையில் நிற்பவரின் கடமை

வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைக் காட்டிய 'சார்பட்டா பரம்பரை' படம் 2021இல் வந்தபின் நம் பிள்ளைகளிடம் இந்த விளையாட்டின் மேல் ஆர்வம் கூடியது. பெண் பிள்ளைகளும் கையுறை அணிகிறார்கள். 2012 முதல் ஒலிம்பிக்கிலும் மகளிர் குத்துச்சண்டை உண்டு. சரவாக்கின் சப்போக் பிக்கி 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றது, இந்த நாட்டு வீரர்களாலும் முடியும் என்பதற்குச் சான்று. ஆர்வம் நல்லது. ஆனால் திரையில் விழுந்தவர் எழுந்து வெல்வது போல வாழ்க்கையில் எப்போதும் நடப்பதில்லை.

கோலாலம்பூரில் பக்னரை வென்ற மூன்று மாதத்தில், 1975 அக்டோபர் 1ஆம் தேதி, அலி மணிலாவில் ஜோ ஃபிரேசியரைச் சந்தித்தார். 14 சுற்றுகள் முடிந்தபோது ஃபிரேசியரின் கண்கள் வீங்கி, வரும் குத்து தெரியாத நிலை. இன்னும் ஒரே ஒரு சுற்றுதான். ஃபிரேசியர் எழுந்து போகத் தயாராக இருந்தார். அவருடைய பயிற்றுநர் எடி ஃபட்ச் அனுப்பவில்லை, சண்டையை நிறுத்தினார். மறுமுனையில் அலியும் நிற்க முடியாத களைப்பில்தான் இருந்தார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் ஃபட்ச் எடுத்த முடிவு தவறு என்று சொல்பவர் குறைவு. ஃபிரேசியர் பிள்ளைகளோடு வாழ வேண்டியவர் என்பதே அவர் பார்த்தது.

எதிராளிக்கான திட்டத்தை எழுதும்போது எப்போது நிறுத்துவது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். சண்டைக்குப் பின் விடாத தலைவலி, வாந்தி, தடுமாற்றம், பேச்சில் குழறல், வழக்கத்துக்கு மாறான தூக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கவைக்கக் கூடாது. தலையில் அடிபட்டு நாக்கவுட்டில் தோற்ற அமெச்சூர் வீரருக்குப் பொதுவாகக் குறைந்தது 30 நாள் ஓய்வு விதிக்கப்படுகிறது. அந்த நாள்களில் ஸ்பாரிங்கும் கூடாது. அடுத்த போட்டிக்கு ஆள் குறைகிறது என்பதற்காக அதை மறைப்பவர் பயிற்றுநர் என்ற பெயருக்கு உரியவர் அல்லர்.

பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் பயிற்றுநரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. அடுத்த எதிராளி எப்படிப்பட்டவர்? அவருக்காக என் பிள்ளை இந்த வாரம் எதைப் பழகுகிறான்? எடையை எப்படிக் குறைக்கிறீர்கள்? அவன் தடுமாறினால் எப்போது துண்டை வீசுவீர்கள்? முதல் மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்லி, நான்காவதற்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம் பிள்ளையை நம்பி விடலாம்.